மகளிர் கல்லூரியில் கோல்ஃப் அணி: வேலூர்ப் பக்கம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

காட்பாடி_பிடி
வணக்கம். காட்பாடிப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் கோல்ஃப் அணி ஆரம்பிக்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. இடம்: கூடைப்பந்துத் திடலை ஒட்டி வடக்கு தெற்காக 60 மீட்டர், அகலம் 35 மீட்டர். வடக்கு ஓரம் மதில், தெற்கே கூடைப்பந்து. போர்வெல் ஒன்று. பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். ஆக்கி, எறிபந்து, கோ-கோ ஆடுகிற மாணவிகள். கோல்ஃப் மட்டையைத் தொட்டவர் யாரும் இல்லை. பணம் இரண்டு தவணையாக வரும். முதல் தவணையில் சிமுலேட்டர் வாங்கலாமா என்று செயலர் கேட்கிறார். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எப்போது போட்டிக்குப் போகலாம்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பார்_3
சிமுலேட்டர் வேண்டாம் என்று செயலரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள் சார். பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளந்து திரையில் காட்டுகிற கருவி அது. அடிக்கத் தெரிந்தவருக்கு உதவும். புதிதாக வருகிற பிள்ளை அதில் பார்ப்பது தூரத்தை மட்டும்தான். தூரத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தால் உடம்பு முன்னால் பாயும், கை இறுகும். அதைத் திருத்துவது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். ஒருவர் அடிக்கும்போது மீதி 13 பேர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது தனி.

ஒரு மைதானத்தை நல்ல ஆட்டக்காரர் இத்தனை ஸ்ட்ரோக்கில், அதாவது அடியில், முடிக்க வேண்டும் என்ற கணக்குதான் பார். பார் 72 மைதானத்தில் ஒரு ஹோலுக்கு 2 பட் (கிரீன் என்ற குட்டைப் புல்தரையில் குழியை நோக்கி உருட்டும் அடி) என்று 36 ஸ்ட்ரோக்கைக் கணக்கில் வைத்துத்தான் பார் போடுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை அதிதி அசோக் பாரைவிட 15 குறைவாக அடித்து 4வது வந்தார். வெள்ளிக்கான சமநிலையைத் தொட ஒரே ஒரு ஸ்ட்ரோக் பாக்கி. டிரைவர் என்ற மிக நீளமான மட்டையால் அடிக்கும் தூரத்தில் அந்தக் களத்திலேயே பின்வரிசையில் இருந்தவர் அவர். பட் அடிக்கும் மட்டையான பட்டரும், கிரீன் ஓரத்திலிருந்து பந்தைக் குட்டையாகத் தூக்கிப் போடும் சிப்பும்தான் அவ்வளவு தூரம் கொண்டுபோயின. இதைச் செயலரிடம் அப்படியே சொல்லுங்கள்.

அதனால் முதல் தவணை முழுக்க பட்டிங் கிரீன், சிப் அடிக்க ஓரம், வலை. இரண்டாம் தவணை மட்டைகளுக்கும் பயணத்துக்கும்.

உங்கள் இடத்தில் அமைப்பு இப்படி வரலாம். வடக்கு மதிலைப் பார்த்து ஆறு வலைக்கூண்டு, ஒன்று 3 மீட்டர் அகலம், மொத்தம் 18 மீட்டர். தெற்குப் பக்கம் 20 × 15 மீட்டரில் கிரீன், அதற்கும் தெற்கே 10 மீட்டர் புல் ஓரம். சிப் அடிப்பது எப்போதும் தெற்கிலிருந்து வடக்கே. பந்தின் நடுவயிற்றில் பிளேடு (மட்டையின் கீழ்விளிம்பு) பட்டால் 10 மீட்டர் சிப் 40 மீட்டர் பறக்கும், கூடைப்பந்துத் திடல் பக்கம் அது போகவே கூடாது. கிரீனுக்கும் கூண்டுக்கும் நடுவே 3 மீட்டர் உயரத்தில் ஒரு திரைவலை கட்டாயம்.

வடக்கே பார்த்து அடிக்கும் வலது கைக்காரர் கிழக்கே முகம் வைத்து நிற்பார். காலை 7 மணிக்கே வெயில் நேராகக் கண்ணில் விழும். கிழக்கு ஓரத்தில் பச்சை நிழல்வலை ஒன்று தொங்கவிட்டால் தீர்ந்தது. இதை மறந்து கட்டிவிட்டு, பிள்ளைகள் பந்தைப் பார்க்காமல் அடிக்கிறார்கள் என்று புலம்பும் இடங்கள் உண்டு.

60 மீட்டரில் திறந்தவெளி ஷாட் வேண்டவே வேண்டாம். புதியவர் கையில்கூட 7ம் நம்பர் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) 80, 90 மீட்டர் போகும்.

சிப்காட்_வெல்டர்
கூண்டு பத்தி நான் சொல்றேன்.

கிரிக்கெட் வலையை வாங்கிக் கட்டிடாதீங்க. அதோட கண்ணு வழக்கமா 40, 50 மி.மீ. இருக்கும். கோல்ஃப் பந்து விட்டம் 42.67 மி.மீ.தான், ஒண்ணு வெளியே போயிடும், இல்லன்னா கண்ணுல சிக்கி நூலை அறுத்துடும். கண்ணு 25 மி.மீ.க்கு மேல கூடாது. யூ.வி. தாங்குற ஹெச்.டி.பி.இ. அல்லது நைலான். நம்ம ஊரு சித்திரை வைகாசி வெயில்ல சாதாரண நைலான் சீக்கிரம் மக்கிடும். பந்து படுற இடத்தை மாசம் ஒருதரம் கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, நூல் பொடியா உதிர்ந்தா உடனே மாத்தணும்.

வலையை விறைப்பா இழுத்துக் கட்டக் கூடாது. விறைப்பா இருந்தா பந்து அடிச்சவங்க மேலேயே திரும்பி வரும். தளர்வா, தரையில 30 செ.மீ. புரளுற மாதிரி தொங்கணும். அதுக்குப் பின்னால 40 செ.மீ. தள்ளி ரெண்டாவது வலையோ பழைய தார்ப்பாயோ ஒண்ணு. அதுக்கும் பின்னாலதான் மதில்.

சட்டம் 50 மி.மீ. ஜி.ஐ. பைப், உயரம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, 3.5 நல்லது. பைப் வலைக்கு வெளியே இருக்கணும், உள்ளே தெரியுற பைப் எல்லாத்துக்கும் ஃபோம் சுத்தணும். பைப்ல பட்டுத் தெறிக்கிற பந்து மூஞ்சியை உடைச்சிடும். பந்து வைக்கிற இடத்துலேர்ந்து வலை 3 மீட்டர். கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவுல மறைப்பு வலை, அது பந்து வைக்கிற இடத்தைத் தாண்டி பின்னால 1 மீட்டர் வரைக்கும் வரணும். புதுசா அடிக்கிறவங்களுக்கு ஷாங்க் நிறைய வரும். மட்டையோட கழுத்துல பட்டு பந்து நேரா வலப்பக்கம் சாயும். இடது கைக்காரங்க இருந்தா அவங்களுக்கு ஓரக் கூண்டு.

அஸ்திவாரம் 45 செ.மீ. குழி, எம்-15 கான்கிரீட். வடகிழக்குப் பருவமழை காத்துல வலை பாய்மரம் மாதிரி இழுக்கும், அதனால மழைக்காலத்துல சாயங்காலம் வலையைச் சுருட்டிக் கட்டுற மாதிரி மேல கம்பியில வளையம் போட்டுடுங்க.

பார்_3
வெல்டர் சொன்னதோடு, பந்து வைத்து அடிக்கும் மேட் (விரிப்பு) விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிமென்ட் தரை மேல் நேராக மேட் போட்டால் மட்டை கீழே இடிக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் போகும். 1.5 மீட்டர் சதுரத்துக்குத் தரையை 10 செ.மீ. இறக்கி மணல் கெட்டித்து, மேலே 15 மி.மீ. ரப்பர் ஷீட், அதற்கு மேல் மேட்.

மேட்டுக்கு இன்னொரு தீமையும் உண்டு. பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் மட்டை வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும், ஷாட் நன்றாகவே தெரியும். அதே அடி புல்லில் பாதித் தூரம்கூடப் போகாது. எனவே பந்துக்கு 10 செ.மீ. பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்து அடிக்கச் சொல்லுங்கள். துண்டு நகர்ந்தால் அடி கணக்கில் இல்லை.

சத்துவாச்சாரி_தமிழ்
கிரீனுக்குச் செயற்கைப் புல் போட்டால் போதாதா? தண்ணி மிச்சம், ஆள் மிச்சம்.

புல்லும்_மண்ணும்
போதும், போதாது ரெண்டும்தான். தினமும் காலையில் மெஷின் ஓட்ட ஒரு ஆளை நிர்வாகம் கொடுக்காது என்றால் செயற்கைப் புல்லே போடுங்கள்; பராமரிக்காத இயற்கை கிரீன் மூன்று மாதத்தில் மாட்டுத் தீவனம் ஆகிவிடும். ஆள் உண்டு என்றால் இயற்கைப் புல்தான். செயற்கைப் புல் மே மாத மத்தியானத்தில் கால் வைக்க முடியாத சூடாகும், பந்தின் வேகம் நாள்தோறும் ஒரே மாதிரி இருக்கும், சிப் விழுந்து நிற்பது நிஜ கிரீனில் நிற்பது போல் இருக்காது. போட்டிக்குப் போகும் பிள்ளைக்குப் பனியிலும் காய்ந்த தரையிலும் வேகம் மாறுவது கைக்குப் பழக வேண்டும்.

இயற்கைக் கிரீன் கட்டும் முறை. 300 சதுர மீட்டர். நாற்பது செ.மீ. தோண்டி, அடித்தரையை ஒரு பக்கம் சரிவாக்கி, 4.5 மீட்டர் இடைவெளியில் வாய்க்கால் வெட்டி 100 மி.மீ. துளைக் குழாய் படுக்க வையுங்கள். குழாய்ச் சரிவு 100க்கு 1. மேலே 10 செ.மீ. சிறு ஜல்லி, 6 முதல் 9 மி.மீ. அதற்கு மேல் 30 செ.மீ. மணல். கணக்குப் போட்டால் ஜல்லி 30 கன மீட்டர், மணல் 90 கன மீட்டர். நம் லாரிக்காரர் கணக்கில் ஜல்லி சுமார் 11 யூனிட், மணல் 32 யூனிட். கெட்டித்தால் அமுங்கும், 15 சதவீதம் சேர்த்தே சொல்லுங்கள்.

மணல்தான் இதில் உயிர். எம்-சாண்டை அப்படியே கொட்டினால் அதன் தூள் இறங்கி ஆறே மாதத்தில் சிமென்ட் போல் கெட்டியாகும், தண்ணீர் மேலேயே நிற்கும். கழுவிய மணலாக, 0.25 முதல் 1 மி.மீ. துகள் பாதிக்கு மேல் இருப்பதாகப் பாருங்கள். சோதனை எளிது: கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல், மீதி தண்ணீர், குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மணலின் மேல் சேறு கோடு தடிமனாகத் தெரிந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

தண்ணீர். மணல் வாங்குவதற்கு முன்பே போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வரைக்கும் பாலாற்றங்கரை நிலத்தடி நீரில் தோல் தொழிற்சாலை உப்பு இறங்கியது ஊரறிந்த விஷயம். 1996ல் உச்ச நீதிமன்றமே வேலூர் மக்கள் நலச் சங்க வழக்கில் தீர்ப்புச் சொன்னது. காட்பாடிப் பக்கம் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும். அறிக்கையில் உப்பைக் காட்டும் இ.சி. (மின்கடத்துதிறன்) அளவையும் சோடியம் விகிதத்தையும் பாருங்கள். இ.சி. 3க்குள் இருந்தால் பெர்முடா வகைக் குட்டைப் புல், டிஃப்ட்வார்ஃப் போன்றது. அதற்கு மேல் போனால் கடலோரப் பாஸ்பாலம். அது உப்பைத் தாங்கும், ஆனால் நிழலையும் அதிகத் தழைச்சத்தையும் விரும்பாது. யோசனை கேட்க விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

மே வெயிலில் நாளுக்கு 6 மி.மீ. தண்ணீர் ஆவியாகும் என்று வைத்தால் 300 சதுர மீட்டருக்கு 1,800 லிட்டர். விடியற்காலையில் விடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுக்க இலை ஈரமாக இருந்து பூஞ்சை பிடிக்கும்.

நடவு அக்னி நட்சத்திரம் முடிந்து ஜூனில். குச்சி நட்டால் 10, 12 வாரத்தில் மூடும். வளரும் காலத்தில் மாதம் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து, அதாவது யூரியாவாக 11 கிராம். 300 சதுர மீட்டருக்கு மாதம் 3.3 கிலோ. நாலு பங்காக வாரம் ஒருமுறை, தூவின உடனே தண்ணீர். மொத்தமாகக் கொட்டினால் மணலில் நிற்காது, புல்லும் கருகும்.

வெட்டும் மெஷின் ரீல் மெஷினாகத்தான் இருக்க வேண்டும். சுழலும் பிளேடு மெஷின் 12 மி.மீ.க்குக் கீழே போனால் புல்லைப் பிடுங்கும். கல்லூரிக்கு 5, 6 மி.மீ. உயரம் தாராளம். கிரீனின் சரிவு குழி வைக்கும் இடத்தில் 100க்கு 1 முதல் 3. அதற்கு மேல் என்றால் வேகம் கூடிய நாளில் பந்து குழிப் பக்கம் நிற்காது. குழி 108 மி.மீ. விட்டம், குழி வெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும்.

காட்பாடி_பிடி
ஆள் உண்டு சார், தோட்டக்காரர் ஒருவரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஜூனில் நட்டால் செப்டம்பர் வரை பிள்ளைகள் எதில் பழகுவார்கள்?

பார்_3
அதற்குத்தான் 10 × 3 மீட்டர் செயற்கைப் பட்டை ஒன்று, கூண்டுக்குப் பக்கத்தில் நிழலில். மழை நாளிலும் அதுவே கைகொடுக்கும். சத்துவாச்சாரி கேட்டது இந்த அளவுக்குச் சரி.

பயிற்சி வாரம் நாலு காலை, 5.45 முதல் 7.45. முதல் மூன்று வாரம் பட்டர் மட்டும். பட்டர் தலையைவிடக் கொஞ்சம் அகலமாக பந்தை ஏற்றி வைக்கும் டீக் குச்சி இரண்டைக் குத்தி நடுவே ஆட்டச் சொல்லுங்கள். டீயில் பட்டால் பட்டரின் முகம் கோணுகிறது என்று அர்த்தம், நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம். 1 மீட்டரில் குழியைச் சுற்றி நாலு பக்கமும் ஐந்தைந்து பந்து. 20க்கு 16 விழும்வரை அடுத்த பாடம் கிடையாது. பிறகு 3, 6, 9 மீட்டர். இங்கே குழியில் விழுவது முக்கியமில்லை, குழிக்கு அப்பால் அரை மீட்டருக்குள் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று பட் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் திசை அல்ல, தூரம்தான்.

நாலாவது வாரம் முதல் சிப். ஒரே ஸ்விங், மூன்று மட்டை. 7ம் நம்பரில் பறப்பது 1 பங்கு, உருள்வது 3. 9ம் நம்பரில் 1க்கு 2. பந்தை உயரத் தூக்கும் பிட்ச்சிங் வெட்ஜில் ஏறக்குறைய 1க்கு 1. கிரீன் வேகத்துக்குத் தக்க இது மாறும், ஆனால் பிள்ளைகளுக்கு மனதில் ஒரு அளவுகோல் கிடைக்கும். விழும் இடத்தில் ஒரு துண்டை விரித்து, குழியைப் பார்க்காமல் துண்டைப் பார்த்து அடிக்க வைக்க வேண்டும். புதியவர்கள் பந்தைத் தூக்கிவிட மணிக்கட்டை மடக்குவார்கள், அதனால்தான் பிளேடு படுகிறது. எடையை இடது காலில் 60 சதவீதம் வைத்து, கடைசிவரை அங்கேயே விட்டால் பாதி சரியாகும்.

ஏழாவது வாரம் இடுப்பளவு ஸ்விங், பத்தாவது வாரம் முழு ஸ்விங், 7ம் நம்பர் அயர்னோடு. டிரைவர் 16வது வாரத்துக்கு முன்னால் பையிலிருந்தே வெளியே வரக் கூடாது. அதுவரை ஹோல் தொடங்கும் இடமான டீயிலிருந்து ஹைப்ரிட் (அயர்னுக்கும் தடித்த தலை வுட்டுக்கும் இடைப்பட்ட மட்டை).

ஆக்கிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்களுக்குக் கண்ணும் இடுப்பும் தயாராக இருக்கும், அது பெரிய லாபம். ஆனால் இரண்டு கையையும் பிரித்துப் பிடிப்பார்கள், வலது கையால் தள்ளுவார்கள், முட்டியை அதிகம் மடக்கிக் குனிவார்கள். முதல் நாளே பிடியை மாற்றிவிடுங்கள். இடது கை மேலே, வலது கைச் சுண்டுவிரல் இடது ஆள்காட்டி விரலோடு கொக்கி. ஒரு மாதம் கழித்து மாற்றப் பார்த்தால் கண்ணீர் வரும். எறிபந்துப் பிள்ளைகள் பொதுவாகச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், உடம்பைச் சுற்றி எறிவது அவர்களுக்குப் பழக்கம்.

காட்பாடி_பிடி
மட்டை எத்தனை வாங்குவது? ஒருவர் பழைய ஆண்கள் செட் நாலு நன்கொடையாகத் தருகிறேன் என்கிறார்.

பார்_3
நன்றி சொல்லிப் பட்டரையும் வெட்ஜையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் அயர்ன் பெண்கள் அயர்னைவிட ஒரு அங்குலம் நீளம், இரும்புத் தண்டு கனம், விறைப்பு. வெட்டிக் குறைத்தால் விறைப்பு இன்னும் கூடும், ஸ்விங் எடை அரை அங்குலத்துக்கு 3 புள்ளி குறையும். தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது.

விதிப்படி பையில் 14 மட்டை வரைக்கும் வைக்கலாம். உங்களுக்கு ஏழு போதும்: 5ம் நம்பர் வுட், ஒரு ஹைப்ரிட், 7, 9, பிட்ச்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். பெண்கள் ஃப்ளெக்ஸ் கிராஃபைட் தண்டு. 14 பேருக்கு ஆறு செட், அதில் ஒன்று உயரம் குறைந்தவர்களுக்கு அரை அங்குலம் சின்னதாக. டிரைவர் மூன்று, எல்லோருக்கும் பொது. பயிற்சிப் பந்து 300. பட்டிங்குக்குத் தனியாக 40 நல்ல பந்து. குளத்தில் எடுத்த பந்து வலைக்கு ஓகே, பட்டிங்குக்கு வேண்டாம்.

பிடி ரப்பர் நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் பளபளவென்று இறுகிவிடும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், நிழலில் உலர்த்தல். வருடம் ஒருமுறை மாற்றுவது: பழையதைக் கொக்கிக் கத்தியால் கிழித்து, பழைய டேப்பைச் சுரண்டி, புது இரட்டைப் பக்க டேப் சுற்றி, டர்பன்டைன் ஊற்றி வழுக்கிவிட்டு உள்ளே தள்ளி, ஒரு இரவு வைத்துவிட வேண்டும். மதியம் வேனுக்குள் பையைப் பூட்டி வைக்காதீர்கள். தலையை ஒட்டியிருக்கும் பசை இளகி, கழுத்திலுள்ள கறுப்பு வளையம் மேலே நகரும். அது நகர்ந்திருந்தால் அந்த மட்டையைப் பயன்படுத்தாமல் ஓரமாக வைத்து ஒட்டக் கொடுங்கள், தலை கழன்று பறந்தால் ஆபத்து.

ஆம்பூர்_தோல்
கையுறை பற்றி ஒன்று சேர்க்கிறேன். கபரெட்டா என்று எழுதி விற்பது கம்பளி இல்லாத, முடி வளரும் செம்மறியின் தோல். மெல்லியது, இறுகப் பிடிக்கும், ஆனால் வியர்வை உப்பு அதற்கு எமன். ஒருவருக்கு இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். கழற்றியதும் சுருட்டிப் பைக்குள் தள்ளக் கூடாது. விரலை நீட்டி, நிழலில், காற்றில். வெயிலில் காய்ந்தால் விறைத்து மடிப்பிலேயே வெடிக்கும். வலது கைக்காரர் இடது கைக்குத்தான் வாங்க வேண்டும், அளவு சரியானதா என்பதற்கு உள்ளங்கையில் சுருக்கம் விழக் கூடாது. பயிற்சிக்குச் செயற்கைத் தோல், போட்டிக்கு நிஜத் தோல் என்று பிரித்தால் செலவு பாதி.

ஆற்காடு_பிசியோ
பயிற்சி ஆரம்பிக்கும் முன் 14 பேருக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள் சார். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. 18 ஹோல் என்பது 8 முதல் 10 கி.மீ. நடை, நாலரை மணி நேரம், தோளில் பை. ரத்தம் குறைந்த பிள்ளைக்கு 13வது ஹோலில் காலும் கவனமும் சேர்ந்து தளரும், பயிற்சியாளர் அதை ஆர்வக்குறைவு என்று நினைப்பார். 12க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள், மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

முழு ஸ்விங் முதல் இரண்டு மாதம் நாளுக்கு 60 பந்துக்கு மேல் வேண்டாம். கை காய்ப்பது பிரச்சினை இல்லை, கீழ்முதுகும் இடது மணிக்கட்டும்தான் பிரச்சினை. நிற்கும்போது இடுப்பில் மடங்க வேண்டும், முதுகில் வளையக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கம்பை முதுகில் வையுங்கள்: தலையின் பின்புறம், மேல்முதுகு, வாலெலும்பு மூன்றும் கம்பைத் தொட்டபடியே குனிய வேண்டும். வாரம் இரண்டு மாலை உடற்பயிற்சி: டெட்லிஃப்ட், 2 அல்லது 3 கிலோ மெடிசின் பந்தைப் பக்கவாட்டில் சுவரில் எறிதல், பிளாங்க்.

தண்ணீரை மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், தாகம் வரும்வரை காத்திராமல், இரண்டு ஹோலுக்கு ஒருமுறை. உப்புப் போட்ட நீர்மோர் அருமை. காலையில் கேழ்வரகுக் கூழோ இட்லியோ சாப்பிடாமல் மைதானத்துக்கு வரக் கூடாது. மாதவிடாய் நாளில் பயிற்சியை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் பக்கத்தில் கழிப்பறை உண்டா என்பதை மைதானம் பதிவு செய்யும்போதே கேளுங்கள். பல மைதானங்களில் 9வது ஹோல் தாண்டினால் கிளப் ஹவுஸ் வரை எதுவும் இருக்காது.

காட்பாடி_பிடி
மிக்க நன்றி மேடம். முழு மைதானத்துக்கு எப்போது, எங்கே கூட்டிப்போவது?

பார்_3
ஐந்தாவது மாதம். சென்னை சுமார் 140 கி.மீ., பெங்களூரு 210. சென்னையில் நந்தனம் காஸ்மோபாலிட்டன், பெங்களூரில் கே.ஜி.ஏ. (கர்நாடக கோல்ஃப் சங்கம்) போன்ற கிளப்புகள். எல்லாம் உறுப்பினர் கிளப்புகள்தான், நேரே போய் நின்றால் நடக்காது. கல்லூரி முதல்வர் கையெழுத்துடன் கிளப் செயலாளருக்குக் கடிதம், ஆறு வாரம் முன்னால், செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாள் கேட்டு. திங்கள் பல கிளப்புகளில் பராமரிப்பு விடுமுறை. மாணவர் கட்டணம் உண்டா, பை தூக்கிவரும் கேடி கட்டாயமா, கேடிக்கு எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லால்பாக், பிருந்தாவன் இரண்டும் காட்பாடியில் நிற்கும் என்றாலும் கோல்ஃப் பையோடு ரயில் வேண்டாம், டீ டைமுக்கும் (ஆட்டம் தொடங்கும் நேரம்) அது ஒத்துவராது. வேன். சென்னைக்கு அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினால் 7 மணி டீ டைம் கைக்கு வரும். கூட ஒரு பேராசிரியை, விடுதி வார்டனுக்கு முதல் நாள் மாலையே பட்டியல், ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் வகுப்பாசிரியருக்குப் போவதற்கு முன் முதல்வர் மேஜையில். இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் பெற்றோர் இரண்டாவது முறை கேள்வி கேட்க மாட்டார்கள்.

உடை: காலர் வைத்த டி-ஷர்ட், முழுக்கால் பேன்ட். ஜீன்ஸும் டிராக் பேன்ட்டும் பல இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பும். வெயிலுக்குக் கை உறை போடலாம். ஷூவில் இரும்பு முள் கூடாது.

முதல் தடவை 9 ஹோல் மட்டும், முன் டீயிலிருந்து. ஒரு ஹோலுக்குப் பாரைப் போல் இரண்டு மடங்கு வந்ததும் பந்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்ச ஸ்கோர் என்ற ஆட்டமுறை விதி 21.2லேயே இருக்கிறது. இல்லாவிட்டால் பின்னால் வரும் உறுப்பினர்கள் காத்திருப்பார்கள், அடுத்த கடிதத்துக்குப் பதில் வராது.

ரூல்_புக்
போட்டிப் பாதையைச் சொல்கிறேன். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குக் கல்லூரியாகப் போக முடியாது, பல்கலைக்கழக அணியாகத்தான். உங்கள் கல்லூரி திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்றால் சேர்க்காட்டில் உடற்கல்வித் துறைக்குக் கல்வியாண்டு தொடக்கத்திலேயே எழுதி, அந்த வருட விளையாட்டுப் பட்டியலில் பெண்கள் கோல்ஃபைச் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத விளையாட்டுக்குத் தேர்வும் இல்லை, பயணப்படியும் இல்லை. வயது 17 முதல் 25.

ஹேண்டிகேப் (ஒருவர் பாருக்கு மேல் எத்தனை ஸ்ட்ரோக் எடுப்பார் என்று காட்டும் எண்) வாங்க 54 ஹோல் போதும்; மூன்று 18ஆகவோ ஆறு 9ஆகவோ. ஹேண்டிகேப் வரும்வரை ஒரு ஹோலுக்குப் பார் கூட்டல் 5 வரைக்கும்தான் கணக்கில் எடுப்பார்கள். பிறகு கடைசி 20 ஸ்கோரில் சிறந்த 8ன் சராசரி. உச்சம் 54. மைதானத்துக்கு மைதானம் மாறும்: இண்டெக்ஸ் (ஒருவரின் ஹேண்டிகேப் எண்) 36, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்ற எண், பொது அளவு 113) 120, கோர்ஸ் ரேட்டிங்கும் (தேர்ந்தவருக்கு எதிர்பார்க்கும் ஸ்கோர்) பாரும் 72 என்றால் 36 × 120 ÷ 113 = 38.

புதிய அணிகள் ஸ்ட்ரோக் இழப்பது ஸ்விங்கில் மட்டும் இல்லை. பந்தில் அவரவர் பேனாவால் அடையாளம் போடாமல், அடுத்தவர் பந்தை அடித்து 2 ஸ்ட்ரோக் தண்டம் வாங்குவார்கள். திரும்பப் போய்ச் சரி செய்யாமல் அடுத்த டீயில் அடித்துவிட்டால் தகுதி நீக்கம். பந்து காணாமல் போகும் போலத் தெரிந்தால் ப்ரொவிஷனல் (தற்காலிகப் பந்து) என்று வாயால் சொல்லி இன்னொன்று அடிக்க வேண்டும். தேட 3 நிமிடம்தான், 2019க்கு முன் 5. டிராப் (பந்தைக் கையால் கீழே விடுவது) முழங்கால் உயரத்திலிருந்து. மட்டை 14க்கு மேல் இருந்தால் ஹோலுக்கு 2 வீதம் அதிகபட்சம் 4 ஸ்ட்ரோக்.

பயிற்சியாளருக்கும் ஒன்று. சுற்று நடக்கும்போது கேடியைத் தவிர யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது. கயிற்றுக்கு வெளியே நின்று எந்த மட்டை என்று விரல் காட்டினாலும் அது யோசனைதான். அணிப் போட்டியில் விதி 24.4ன் கீழ் ஆலோசகர் ஒருவரைக் குழு அனுமதித்திருக்கிறதா என்று போட்டி விதித்தாளில் முதலில் பாருங்கள்.

பரிசுப் பணம் வந்தால் கவனம். அமெச்சூருக்கு உச்ச வரம்பு 1,000 டாலர் அல்லது 700 பவுண்டு மதிப்பு.

சத்துவாச்சாரி_தமிழ்
14 பேரில் அணிக்கு எத்தனை பேர்? எப்படித் தேர்ந்தெடுப்பது?

பார்_3
போட்டிக்குப் போட்டி மாறும். அமெரிக்கக் கல்லூரி கோல்ஃபில் ஐந்து பேர் ஆடி நாலு ஸ்கோர் கணக்கு. உலக அமெச்சூர் அணிப் போட்டியில் பெண்கள் மூன்று பேர், இரண்டு ஸ்கோர். உங்கள் பயிற்சியை ஐந்துக்கு நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மோசமாக ஆடினாலும் அணி விழாது, ஆனால் நாலாவது ஆள் எவ்வளவு முக்கியம் என்று எல்லோருக்கும் புரியும். முதல் ஆளைவிட நாலாவது, ஐந்தாவது ஆளைத் தேற்றுவதில்தான் அணி ஸ்கோர் வேகமாக இறங்கும். 82 அடிப்பவரை 80 ஆக்குவதைவிட 108 அடிப்பவரை 98 ஆக்குவது எளிது, கணக்கில் வருவது 10 ஸ்ட்ரோக்.

தேர்வு ஒரு சுற்றை வைத்து வேண்டாம், மூன்று சுற்றின் கூட்டல். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தாள்: பட் எண்ணிக்கை, மூன்று பட் எத்தனை, கிரீனைச் சுற்றி 20 மீட்டருக்குள்ளிருந்து எத்தனை ஸ்ட்ரோக்கில் முடித்தார், தண்டம் எத்தனை. ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிவிட்ட புல்தரை) கணக்கு இப்போதைக்கு வேண்டாம். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அடுத்த வாரப் பயிற்சி. 11 பேரின் தாளிலும் மூன்று பட் நிறைய என்றால் அடுத்த வாரம் கூண்டைப் பூட்டி வைத்துவிடலாம்.

மீதி 9 பேரை விட்டுவிடாதீர்கள். ஸ்கோரர், மார்க்கர் (அடுத்தவரின் ஸ்கோர் அட்டையை எழுதுபவர்), விதி படிப்பவர் என்று வேலை கொடுங்கள். இறுதியாண்டுப் பிள்ளைகள் போனதும் அணி அவர்களிடம்தான் வரும். வருடம் தோறும் முதலாண்டிலிருந்து நாலு பேரையாவது சேர்க்காத அணி மூன்றாவது வருடம் கலைந்துவிடும்.

காட்பாடி_பிடி
செயலரிடம் இதையெல்லாம் அச்சடித்துக் கொடுக்கிறேன். போர் தண்ணீரை நாளைக்கே பரிசோதனைக்கு அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று: ஸ்கோர் அட்டையை யார் கூட்டுவது? தப்பாகக் கூட்டினால் தண்டமா?

ரூல்_புக்
கூட்டல் போட்டிக் குழுவின் பொறுப்பு, கூட்டல் பிழைக்கு ஆடுபவருக்குத் தண்டம் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஹோலுக்கும் எழுதிய எண் ஆடுபவர் பொறுப்பு. உண்மையில் எடுத்ததைவிடக் குறைவாக எழுதிக் கொடுத்தால் தகுதி நீக்கம். கூடுதலாக எழுதிவிட்டால் அந்தக் கூடுதலே நிற்கும். எனவே பயிற்சிச் சுற்றிலேயே பழக்குங்கள்: ஒவ்வொரு ஹோல் முடிந்ததும், அடுத்த டீக்கு நடக்கும்போது, மார்க்கர் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஆடுபவர் ஆமாம் என்று சொன்ன பிறகே எழுத வேண்டும். சுற்று முடிந்ததும் 18 எண்ணையும் ஒன்றொன்றாகப் படித்துச் சரிபார்த்து, ஆடுபவர், மார்க்கர் இருவர் கையெழுத்தும் போட்ட பிறகே அட்டையைப் பெட்டியில் போட வேண்டும். மார்க்கர் கையெழுத்து விடுபட்டால் அதற்கும் தகுதி நீக்கம்தான்.